அயலவளின் கையெழுத்து

ஓர் ஊரில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று கேட்பவர்கள், அதனால் ஆதாயம் அடைவது யார் என்று கேட்பதில்லை. ஊரின் நம்பிக்கையை ஒரு செல்வமாக எண்ணும் சமூக மூலதனம் என்ற கருத்தின் பெருங்குறை இதுதான். அரசியலறிஞர் ரொபேர்ட் பட்னம் 1993இல் இத்தாலியை ஆராய்ந்து எழுதிய நூல், மக்கள் சங்கங்களில் கூடிப் பழகிய வடபகுதியில் ஆட்சி தெற்கைவிடச் சிறந்திருந்தது என்றது. நம்பிக்கை எப்படி வேலைசெய்கிறது என்பதற்குச் சுழற்சிச் சீட்டையும் அந்நூல் எடுத்துக்காட்டியது. அந்தச் சீட்டிலேயே கருத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

அப்படிச் சோதிக்க நாவற்குடாவை எடுப்போம். கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் ஊர். மட்டக்களப்பின் பிற ஊர்களைப் போலவே இங்கும் பெண்களின் கையில் நம்பிக்கையை வைத்து ஓடும் பணம் இரண்டு வகை. ஒன்று சீட்டு, மற்றது குழுவாக எடுக்கும் நுண்கடன். ஒரு வீட்டுத் திண்ணையில் பெண்கள் கூடிக் காசு எண்ணுவதைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

சீட்டில் முதலில் எடுப்பவள் கடனாளி, கடைசியில் எடுப்பவள் சேமித்தவள். சுற்று முடிந்ததும் கணக்குத் தீர்ந்துவிடும். பணம் ஊரைவிட்டு வெளியேறுவதில்லை. யாராவது தவறினால் நட்டம் நம்பியவர்களுக்கே என்பதால், யாரைச் சேர்ப்பது என்பதும் அவர்கள் முடிவுதான். ஒருத்தியின் பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் முறையை மாற்றிக் கொடுக்கலாம். இதைச் சொர்க்கமாக்கிப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. சீட்டுப் பிடித்தவர் தலைமறைவாகும் கதைகள் எங்கும் உண்டு. அதைவிடப் பெரிய குறை, 1978 நவம்பர் சூறாவளியும் 2004 சுனாமியும் போல எல்லா வீட்டையும் ஒரே நாளில் அடிக்கும் இடரைச் சீட்டு தாங்காது என்பது. கொடுப்பதற்கு எவரிடமும் எதுவும் இல்லாத நாளில், எவ்வளவு நம்பினாலும் அடுப்பு எரியாது. அங்கே வெளியிலிருந்து பணம் வந்தே ஆகவேண்டும்.

நுண்கடனுக்கு ஆதரவான வலுவான வாதமும் அதுதான். போருக்குப் பின் கிழக்கில் பரவிய நிறுவனங்கள் காணி உறுதியோ சம்பளச் சிட்டையோ கேட்கவில்லை. வங்கி திருப்பி அனுப்பிய பெண்களுக்கு, அயலவள் பிணைக்கு நின்றாலே காசு கிடைத்தது. இதை மறுப்பது நேர்மையாகாது. பங்களாதேஷில் இம்முறையைப் பரப்பிய முகமது யூனுசுக்கும் கிராமீன் வங்கிக்கும் 2006இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பரிசு வருவதற்கு முன்பே, 2000களின் தொடக்கத்தில், ஒருத்தியின் கடனுக்குக் குழுவே பொறுப்பேற்கும் முறையை அந்த வங்கி தளர்த்தியிருந்தது. இதை நம்மூரில் எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

இத்தகைய குழுப் பிணையில் இலாபம் ஊருக்கு வெளியே போகிறது, நட்டம் ஊருக்குள் தங்குகிறது. தவணை தவறியவளின் வாசலில் முதலில் போய் நிற்க வேண்டியவள், அவளுக்காகக் கையெழுத்து வைத்த பக்கத்து வீட்டுக்காரி. அயலில் யார் கஷ்டத்தில் இருக்கிறாள் என்ற அறிவு முன்பு அரிசி கொண்டுபோகப் பயன்பட்டது, இப்போது கடன் அறவிடப் பயன்படுகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுப்பதும் இங்கிருந்தே தொடங்குகிறது. 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, வட்டி 220 வீதம் வரை போயிருந்ததையும் அறவிடுவோர் பெண்களை மிரட்டுவதையும் பதிவுசெய்தார். அதே ஆண்டில் அரசு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. மட்டக்களப்பும் அதில் ஒன்று. கடன் தள்ளுபடியாகலாம். வாசலில் நின்று ஏசிய அயலவளோடு திரும்பப் பேசுவதற்கு எந்த வர்த்தமானியும் வழிசெய்யாது.

பட்னத்தின் அளவுகோலால் அளந்தால் சீட்டுக் குழுவும் கடன் குழுவும் ஒரே மதிப்பெண் பெறும். அளவுகோல் பிழை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நம்பிக்கை பெருகுவதும் அழிவதும், நட்டம் வந்தால் யார் சுமப்பது என்ற ஏற்பாட்டைப் பொறுத்தது. உறுப்பினரே முதலும் போட்டு நிர்வாகத்தையும் தெரிவுசெய்யும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இந்நாட்டுக்குப் புதிதல்ல, அதற்கான சட்டம் 1911லேயே வந்துவிட்டது. வெளிப்பணம் அதன்வழி வரட்டும். கடன் கொடுக்கும் நிறுவனம் தன் நட்டத்தைத் தானே ஏற்கட்டும். நுண்கடனுக்காக எழுதப்படும் எந்தச் சட்டமும் குழுப் பிணையைத் தடைசெய்ய வேண்டும்.