சின்னத்திரையும் ஒரு கடலைப் பருப்பும்

உயிரை வளர்க்க வேண்டிய உணவே உயிருக்கு உலை வைக்கும் நிலை சிலருக்கு உண்டு. ஊரார் உண்டு மகிழும் வேர்க்கடலை, பால், முட்டை, எள், இறால் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவர்தம் உடலுக்குப் பகையாகி விடுகிறது. உட்கொண்ட அளவு மிகச் சிறிதாயினும் தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி என அடுத்தடுத்துத் தோன்றி, சில வேளைகளில் நிமிடக் கணக்கிலேயே உயிரைப் பறித்து விடும். மருத்துவர்கள் இதனை 'அனாபிலாக்சிஸ்' என்பர். 1902இல் பிரெஞ்சு அறிஞர்களான ரிஷேயும் போர்த்தியேயும் இப்பெயரை வழங்கினர். இத்துறை ஆய்வுக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

அறிவியல் அறிந்து நூறாண்டு கடந்துவிட்ட இவ்வுண்மையைத் தொலைக்காட்சி அறிந்திருக்கிறதா? இக்கேள்வியோடு அமெரிக்கத் தொடர்கள் இரண்டினையும், வீட்டுத் திரைக்கு வந்து சேர்ந்த திரைப்படங்கள் இரண்டினையும் நோக்குவோம். அந்நாட்டுக் கதைகள் இன்று உலகெங்கும் இல்லங்களுக்குள் நுழைந்து விட்டன. நம் பிள்ளைகளும் அவற்றைக் கண்டு சிரிக்கின்றனர். எதைக் கண்டு சிரிக்கின்றனர் என்று அறிந்து கொள்ளும் கடமை பெற்றோராகிய நமக்கு உண்டன்றோ?

'தி பிக் பேங் தியரி' மிகப் பெரும் வெற்றி கண்ட நகைச்சுவைத் தொடர். 2008 மே மாதம் ஒளிபரப்பான அதன் ஒரு பகுதிக்கு வேர்க்கடலை ஒவ்வாமையே அச்சாணி. நண்பன் லெனார்டுக்குத் தெரியாமல் பிறந்தநாள் விருந்து ஒன்று ஏற்பாடாகிறது. விருந்து ஆயத்தமாகும் வரை அவனை வெளியே நிறுத்தி வைக்கும் பொறுப்பு ஹோவர்டைச் சேர்கிறது. ஹோவர்டுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகவே, தவறிக் கடலையை உண்டு விட்டதாக நடித்து லெனார்டை மருத்துவமனைக்கு இழுத்துச் செல்கிறான். நேரம் போதவில்லை என்றதும் உண்மையாகவே கடலை கலந்த தின்பண்டத்தை உண்கிறான். முகம் வீங்குகிறது, அரங்கம் அதிரச் சிரிப்பொலி எழுகிறது.

கதைப் பின்னலின் சாமர்த்தியத்தை நாம் மறுக்கவில்லை. ஒவ்வாமை கண்டவன் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று காட்டியதும் நன்றே. ஆயினும், இக்கதை பார்ப்போர் நெஞ்சில் விதைத்துச் செல்வது யாது? ஒவ்வாமை நடித்துக் காட்டக் கூடியது என்பது ஒன்று. உண்மையாகவே வந்தாலும் முகம் சற்று வீங்கி, பிறகு வடிந்து போகும் என்பது மற்றொன்று. ஒவ்வாமையுடையோர் நாள்தோறும் போராடுவது இவ்விரு பொய்களோடுதான். "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று வற்புறுத்தும் உறவினர்க்கும், "இவன் நடிக்கிறான்" என்று கேலி பேசும் வகுப்புத் தோழனுக்கும் அத்தொடர் சான்றிதழ் வழங்கி விடுகிறது. பாதிக்கப்பட்டவனைக் கொண்டே அதனை வழங்கியிருப்பது கொடுமையினும் கொடுமை.

திரைப்படங்களின் நிலையும் இதுவே. 2005இல் வந்த 'ஹிட்ச்' படத்தில் நாயகன் வில் ஸ்மித்தின் முகம் ஓட்டுமீன் வகை உணவால் விகாரமாக வீங்குகிறது. மருந்துக் கடையில் ஒவ்வாமை மருந்தை வாங்கிக் குடித்து மயங்கித் தள்ளாடுகிறான், அதுவே நகைச்சுவை. 2018இல் வந்த 'பீட்டர் ராபிட்' சிறுவர்க்கான படம். பிளாக்பெர்ரிப் பழம் மெக்ரெகருக்கு ஆகாது என்பதை அறிந்தே முயல்கள் அவர்மீது அப்பழங்களைக் கவணால் எறிகின்றன. ஒன்று வாய்க்குள் விழுகிறது. அவர் தம்மிடமிருந்த ஊசியைத் தாமே குத்திக்கொண்டு பிழைக்கிறார். ஒவ்வாமையுள்ள குழந்தைகளின் பெற்றோர் கொதித்தெழுந்தனர். படத்தை வெளியிட்ட சோனி நிறுவனமும் படத்தை உருவாக்கியோரும் வருத்தம் தெரிவித்தனர்.

இவை கற்பிக்கும் மருத்துவமும் பிழையானது. கடுமையான ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின். தாமதமின்றித் தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்பட வேண்டுவது. அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும் சாதாரண மருந்து அடைபட்ட மூச்சைத் திறக்காது. ஊசி போட்டு நலமானவரும் மருத்துவமனையை நாடியே ஆக வேண்டும்; அடங்கியது போன்று தோன்றி, சில மணி நேரம் கழித்து மீண்டும் தாக்குவதுண்டு. நகைச்சுவைக்காக விழுங்கப்படும் இவ்விவரங்களில்தான் ஓர் உயிரின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன.

அங்ஙனமாயின், இத்துயரைக் கலை தொடவே கூடாதா? தொடலாம்; தொட்டுச் சிறந்த தொடரும் உண்டு. 1999-2000இல் ஒளிபரப்பாகி, 18 பகுதிகளோடு முடிந்துபோன 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' என்பது அது. கதை நிகழ்வது 1980-81இல், மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி ஒன்றில். பில் என்னும் மாணவன் மூக்குக் கண்ணாடி அணிந்த, நெட்டையான, வெகுளியான பையன். அவனுக்கு வேர்க்கடலை ஆகாது என்பதை வம்புக்காரனான ஆலன் நம்ப மறுக்கிறான். சோதித்துப் பார்க்கும் எண்ணத்தோடு பில்லின் ரொட்டிக்குள் கடலையை ஒளித்து வைக்கிறான். பில் உண்கிறான், நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கிறான்.

இதுவும் நகைச்சுவை கலந்த தொடரே. எனினும் பில்லின் துன்பத்தைக் கண்டு சிரிக்க அது நம்மை அழைக்கவில்லை. அதன் பார்வை ஆலன் பக்கம் திரும்புகிறது. மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, நினைவற்றுக் கிடப்பவனிடம் ஆலன் மனம் திறக்கிறான். இவர்களோடு நட்புக் கொள்ளத் தான் ஏங்கியதையும், ஒதுக்கப்பட்டதாக எண்ணிப் புண்பட்டதையும் சொல்கிறான். பகையாளியின் நெஞ்சிலும் ஒரு காயம் இருந்தது என்று அறிகிறோம். அவன் குற்றம் அதனால் குறைந்து விடவில்லை என்பதையும் உணர்கிறோம். ஒவ்வாமையின் உண்மையான நாடகம் நோயாளியின் வீங்கிய முகத்தில் நிகழ்வதன்று. அவன் சொல்லை நம்பவோ நம்பாதிருக்கவோ உரிமை கொண்ட மற்றவரின் மனத்தில் நிகழ்வது. இதனைக் கண்டுகொண்டதே அத்தொடரின் பெருமை.

இது வெறும் கற்பனை என்று கருதுவோர்க்குச் சில செய்திகள். நியூயார்க்கில் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழப் பத்தில் மூன்று பிள்ளைகள் தம் ஒவ்வாமையைக் காரணமாகக் கொண்டே துன்புறுத்தப்பட்டதாகக் கூறினர். அப்பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப் பேரின் துன்பம் பெற்றோருக்கே தெரிந்திருக்கவில்லை. பெற்றோர் அறிந்திருந்த பிள்ளைகளின் வாழ்வோ ஓரளவு நலமாக இருந்தது. அமெரிக்காவில் மட்டுமே நிகழ்வதன்று இது. 2017இல் லண்டன் பள்ளி ஒன்றில், பால் ஒவ்வாமையுள்ள சிறுவன்மீது சக மாணவன் பாலாடைக்கட்டித் துண்டொன்றை எறிந்தான். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அச்சிறுவன் சில நாட்களில் இறந்து போனான். கொல்லும் எண்ணம் எறிந்தவனுக்கு இல்லை. விளைவறியாத பிள்ளைத்தனமே அது என்று மரண விசாரணை முடிவுரைத்தது.

விளைவறியாத பிள்ளைத்தனம்! இச்சொற்களை எண்ணிப் பாருங்கள். விளைவை அப்பிள்ளைக்கு யார் அறிவித்திருக்க வேண்டும்? வீடு அறிவித்திருக்கலாம், பள்ளி அறிவித்திருக்கலாம். நாள்தோறும் பிள்ளைகளோடு மணிக்கணக்கில் பேசுகின்ற திரையும் அறிவித்திருக்கலாம். கடலை உண்டவன் முகம் வீங்கிச் சிரிப்பூட்டுவான் என்றே திரை சொல்லி வந்தால், ஒரு சிறுவன் அதனைச் செய்து பார்க்கத் துணிவதில் வியப்பென்ன?

நகைச்சுவைக்கு விலங்கு பூட்டுமாறு நாம் கேட்கவில்லை. நம்ப மறுக்கும் மாமனைப் பார்த்துச் சிரிக்கலாம். "கொஞ்சம்தான் போட்டேன்" என்று சாதிக்கும் சமையற்காரரைப் பார்த்துச் சிரிக்கலாம். அறியாமையை நகையாடுவது கலையின் பழைய தொழில். மூச்சுக்குத் தவிப்பவனைக் கண்டு சிரிப்பதோ அறியாமைக்குத் துணை போவதாகும். எழுத்தாளர்கள் இவ்வேறுபாட்டை உணர்ந்தால் போதும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் இல்லத்திற்கு விருந்தினராக வருபவர் தம் உயிரையும் ஓர் அமானிதமாக நம் கையில் தந்தே உணவின் முன் அமர்கிறார். "இது எனக்கு ஆகாது" என்று அவர் சொன்னால், அச்சொல்லை ஐயமின்றி ஏற்பதே உபசரிப்பின் முதற்படி. இத்தகைய காட்சியைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கும்போது தொலைக்காட்சியை அணைத்து விடுவதோடு நின்று விடாமல், அருகமர்ந்து ஒரு கேள்வி கேட்போம்: "உன் வகுப்பில் இப்படி யாரேனும் உண்டா? அவனிடம் நீ எப்படி நடந்து கொள்கிறாய்?"