ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

மொத்தம் பத்து உருப்படிகள். அவற்றுக்குப் பின்னால் படம் இல்லை, கதை இல்லை, டூயட் இல்லை. 1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைக் கேட்கச் சொல்லி நான் நச்சரிக்காத நண்பர்கள் குறைவு. நச்சரிக்கும்போதே ஒரு நிபந்தனையும் போடுவேன்: முதல் உருப்படியில் தொடங்கிப் பத்தாவதில் முடிக்க வேண்டும், நடுவில் எதையும் தாண்டக் கூடாது. அந்த வரிசையும் ராஜா போட்ட இசைதான்.

‘மௌன ராக’மும் ‘புன்னகை மன்ன’னும் வந்த அதே வருடம் அது. சினிமாவுக்கு அவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தவர், யாருடைய கதைக்காகவும் இல்லாமல் தனக்கென்று எழுதிய இசை. அதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். பாக் 1750-இல் ஜெர்மனியில் காலமானார். தியாகராஜர் 1767-இல் திருவாரூரில் பிறந்தார். பதினேழு வருட இடைவெளியில் ஒருவரையொருவர் தவறவிட்ட இருவர் ஒரே ஆல்பத்துக்குள் வந்து உட்காருகிறார்கள். எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது!

உட்காரும் இடத்தைப் பாருங்கள். ஆறாவது உருப்படியின் பெயர் ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’. அவரை வரவேற்று முடித்த பிறகு ஏழாவது, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. எட்டாவது, ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. பாக்கை வீட்டில் சந்தித்தேன், பேசிக்கொண்டிருந்தோம் என்று இரண்டு தலைப்புகளும் சேர்ந்துதான் ஒரு வாக்கியம் ஆகின்றன. ஷஃபிளில் போட்டால் பேச்சு முதலில் நடக்கும், விருந்தாளி அப்புறம் வருவார். நடுவில் வேறு யாரோ ஒருவரின் குத்துப்பாட்டுகூட வரலாம்.

ஏழாவதில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் வாசிப்பது பாக்கின் மூன்றாவது பார்ட்டீட்டாவின் தொடக்கப் பகுதி. 1720 என்று தேதியிட்ட கையெழுத்துப் பிரதியில் இருக்கும் இசை. பாக் அதைத் துணை வாத்தியமே இல்லாத ஒற்றை வயலினுக்கு எழுதினார். ராஜா அந்தத் தனிமைக்குள் மற்ற தந்தி வாத்தியங்களை அனுப்புகிறார். அவை வயலினை மறிக்காமல், அதன் பேச்சுக்குப் பதில் பேசிக்கொண்டே கூடவே ஓடுகின்றன. மேதை எழுதியதன் மேல் கை வைக்கலாமா என்று யாராவது கேட்டால் பாக்கையே சாட்சிக்கு அழைப்பேன். இதே பகுதியை அவரே பிற்பாடு ஆர்கனும் வாத்தியக் குழுவுமாக விரித்து, 1731-இல் ஒரு கான்டாட்டாவின் தொடக்கத்தில் வைத்தார். அது விரியக் காத்திருந்த இசை. சென்னையில் இன்னொரு முறை விரிந்தது.

டிஜிட்டல் யுகம் ஆல்பத்தைக் கொன்றுவிட்டது என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இருக்கிறது. பாட்டை ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுப்பது நமக்கு ஆப்பிள் சொல்லித் தந்ததா என்ன? 2003-இல் ஐடியூன்ஸ் கடை திறந்து ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்பதற்கு வெகுகாலம் முன்பே, நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களில் துண்டுச்சீட்டில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டில் பிடித்த பாட்டுகளை மட்டும் பதிந்து வாங்கியவர்கள்தானே நாம்? ப்ளேலிஸ்ட் நம் பழைய சொத்து. சினிமாப் பாட்டுக்கு அது பொருந்தவும் செய்தது. பாட்டுகளை வரிசைப்படுத்தியது படத்தின் கதை, கேசட் அல்ல. நமக்கு அரிதாகவே வாய்த்தது, உட்கார்ந்து முழுதாகக் கேட்பதற்கென்றே கட்டப்பட்ட ஆல்பம். அது இன்று சட்டைப் பையில் இருக்கிறது, தேய்வதில்லை, நாடா சிக்குவதில்லை. இதைவிட நல்ல காலம் ஆல்பத்துக்கு எப்போது இருந்தது?

இயர்போன் தந்திருக்கும் வரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது உருப்படியான ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ பெயரிலேயே ஃபியூக். ஒரு குரல் ஒரு மெட்டைச் சொல்லும், இரண்டாவது குரல் அதை வாங்கிச் சொல்லும்போது முதல் குரல் நிற்காமல் வேறொன்றைச் சொல்லிக்கொண்டு போகும், அதற்குள் மூன்றாவது நுழையும். ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரில் இவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும், அடியில் ஓடும் கனத்த தந்திகள் கேட்கவே கேட்காது. நல்ல இயர்போனில் ஒவ்வொரு குரலும் அதனதன் இடத்திலிருந்து வருகிறது. ஒரு நாள் மேல் வயலினை மட்டும் பின்தொடருங்கள், இன்னொரு நாள் அடித்தந்தியை மட்டும். அது தனியாகவே ஒரு பாட்டு என்று தெரியும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே!

செயலியில் சில வேலைகள் செய்ய வேண்டும். ஷஃபிளோடு ஆட்டோப்ளேயையும் நிறுத்துங்கள், பத்தாவது முடிந்த கையோடு சம்பந்தமில்லாத எதையும் அது கொண்டுவந்து கொட்டாதிருக்க. ஒரு பாட்டின் வாலை அடுத்ததன் தலையோடு குழைக்கும் கிராஸ்ஃபேட் கண்டிப்பாக வேண்டாம். இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் இருக்கும் மௌனம் நமக்கு உரியது. பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்காக 2021 நவம்பரில் ஸ்பாட்டிஃபை ஆல்பப் பக்கத்தின் பிரதான பொத்தானிலிருந்து ஷஃபிளை எடுத்தது. படைத்தவர் போட்ட வரிசைக்கு அத்தனை பெரிய நிறுவனம் வழிவிட்டதைப் படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த ஆல்பத்துக்குப் படம் இல்லை என்றேன். பிறகு ஒன்று வந்தது. பாலு மகேந்திரா 1988-இல் ‘வீடு’ படத்துக்கு இதிலிருந்துதான் பின்னணி இசையை எடுத்தாண்டார். சொந்த வீடு கட்டப் படாதபாடு படும் ஒரு பெண்ணின் கதைக்கு, கதையே இல்லாமல் பிறந்த இசை எப்படிப் பொருந்தியது என்பதைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஆனால் ஆல்பத்தை முதலில் கேளுங்கள், படம் அப்புறம். கடைசி இரண்டு உருப்படிகளான ‘டோன்ட் கம்பேர்’, ‘டு எனிதிங்’ இரண்டுக்கும் உங்கள் மனதில் வேறு காட்சிகள் இருக்கட்டும்.

முடித்துவிட்டு மறுநாள் ‘நத்திங் பட் விண்ட்’. 1988-இல் வந்தது, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். அதையும் முதலிலிருந்து!