கெண்டைக்கால் வடுவும் ஒரு நல்லூரும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலை எடுத்தால் என் கண் முதலில் போவது கடைசிக் கட்டத்துக்குத்தான். காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வந்தால் ‘உடல் அடையாளங்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நெற்றியில் தழும்பு. இடது கெண்டைக்காலில் வடு. கன்னத்தில் மச்சம். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் எழுத அங்கே இடமில்லை.

எழுதிய குமாஸ்தாவுக்கு இருந்தது எளிய தேவை. ஒருவர் எண்ணில் இன்னொருவர் நுழைந்துவிடக் கூடாது, தோட்டத்தை விட்டு ஓடினால் ஆளை அடையாளம் காட்ட வேண்டும், அவ்வளவே. ஆனால் காடு கழனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் வேறு சேதி சொல்லும். கெண்டைக்கால் வடு என்றால் மண்வெட்டி தவறிப் பட்டிருக்கலாம். இடது சுட்டுவிரலில் வெட்டுக் காயம் என்றால் கதிர் அறுக்கும்போது கருக்கரிவாள் இழுத்திருக்கும். வயிற்றில் சூட்டுத் தழும்பு என்றால், மாந்தமோ கட்டியோ வந்த பிள்ளையை ஒருத்தி மடியில் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருத்தி சூடு போட்டிருக்கிறாள். ஏட்டில் இடம் கிடைக்காத அந்த இரண்டு பெண்களையும் இந்த ஒரு தழும்பு கப்பலேற்றி அனுப்பியிருக்கிறது. மூன்று சொல்லில் ஓர் இளமைக் காலமே அடங்கியிருக்கிறது. இந்தச் சுருக்கத்தை நான் வியந்து வியந்து படிக்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களை அதிகம் அனுப்பிய ஜில்லாக்களில் தென்னார்க்காடும் ஒன்று. நடுவே 1866 முதல் 1874 வரை ஏட்டில் வெற்றிடம். நேட்டாலில் அப்போது தொழில் படுத்துவிட்டது. 1871ல் சென்னைக்குத் திரும்பியவர்கள் அங்கே பட்ட பாட்டையெல்லாம் எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு ஒரு விசாரணைக் குழு அமைந்து, குடியேறிகளுக்கென ஒரு பாதுகாவலர் நியமிக்கப்பட்ட பின்பே கப்பல்கள் மறுபடி ஓடின. பூட்டனையும் ஓட்டனையும் தேடுகிறவர்களுக்கு இந்த எட்டு வருட இடைவெளி தெரிந்திருக்க வேண்டும். “எங்கள் தாத்தா 1870ல் வந்தார்” என்று வீட்டில் சொல்லிவந்தால், அந்த ஆண்டை முன்னாலோ பின்னாலோ நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி ஊர்க் கட்டத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதில்தான் சோதனை.

நல்லூர் என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் எத்தனை நல்லூர்! தனியாக நிற்கும் நல்லூர், முன்னால் ஒரு பெயர் சேர்ந்த நல்லூர், சாமி பெயரோடு நல்லூர், அரசன் பெயரோடு நல்லூர். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், மணிமுத்தாற்றங்கரையில் வில்வவனேசுவரர் கோயிலோடு இருக்கும் நல்லூர் இன்று ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் தந்திருக்கிறது. ஆனால் கப்பல் பட்டியலில் வெறும் நல்லூர் என்று இருந்தால் அது எந்த நல்லூர்? இங்கேதான் தாணா என்ற கட்டம் கைகொடுக்கிறது. அந்தச் சொல் வட இந்தியாவில் போலீஸ் எல்லையைக் குறிக்கும். சென்னைக் கணக்கில் அந்த இடத்தில் தாலுகா பெயரை எழுதினார்கள். தாலுகா விருத்தாசலம் என்று ஒரு சொல் பக்கத்தில் விழுந்துவிட்டால், நூறு நல்லூர்களில் தொண்ணூற்றொன்பது விலகிவிடும்.

அந்த ஒரு சொல்லும் நேராகக் கிடைக்காது. பதினெட்டாம் நூற்றாண்டில் ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் நம் விருத்தாசலம் ‘வெர்தாச்செலம்’ ஆகிவிட்டது. நூறு வருடம் கழித்து எழுதிய குமாஸ்தாவும் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். குறில் அகரத்துக்கு ‘யு’ எழுத்தைப் போடுவது அன்றைய ஆங்கில வழக்கம். அதனால் நத்தம் ‘நுட்டும்’ போலத் தோன்றும். குப்பத்தில் இரண்டு ‘ஓ’ வந்து சேரும். கொல்லை என்று முடியும் ஊர்களை எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள். இந்த எழுத்துகளைக் கண்ணால் படித்தால் புரியாது. சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். அதையும் நடுநாடு என்கிற எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கத்துக்காரர் பேசுகிற மாதிரி, சொல்லின் கடைசியை விழுங்கிப் படித்தால், சட்டென்று ஊர் எழுந்து வரும். விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பொம்மையை அச்சிலிருந்து எடுத்ததும் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். தேய்த்து மெருகேற்றிய பிறகும், வேலை தெரிந்தவர் விரலால் தடவி அதைக் கண்டுபிடித்துவிடுவார். பட்டியலில் இருக்கும் எழுத்துப் பிழைகள் எனக்கு அந்தக் கோடுகள். சொன்னவர் வாயும் எழுதியவர் காதும் சேர்ந்த இடம் அது.

பெயர்களுக்குள் நுழைந்தால் இன்னும் சுகம். முனுசாமி, கோவிந்தன், முத்தம்மா போன்ற பெயர்கள் தென்னார்க்காடு முழுக்கக் கிடைக்கும். ஆனால் கொளஞ்சி என்று ஒரு பெயர் தட்டுப்பட்டால் எனக்குத் தாலுகாக் கட்டமே வேண்டாம். விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் இருக்கும் கொளஞ்சியப்பர் சாமியின் பெயர் அது. அண்ணன் கொளஞ்சி, தங்கை கொளஞ்சியம்மாள், பக்கத்து வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் என்று இந்த வட்டாரத்தில் அந்தப் பெயர் புழங்குகிற மாதிரி வேறெங்கும் புழங்காது. பழமலை என்பதும் அப்படித்தான். அது விருத்தாசலத்துச் சிவனின் தமிழ்ப் பெயர். விருத்தகிரி என்றாலும் அதே சாமிதான். இந்தப் பெயர்களுக்கு முகவரி தேவையில்லை, தாமே முகவரியாக இருக்கின்றன.

அடுத்தது பட்டம். டர்பன் தொலைபேசிப் புத்தகத்தில் படையாச்சி என்ற பெயர் வரிசை வரிசையாக இருக்கும். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். பட்டங்கள் அங்கே குடும்பப் பெயர்களாக உறைந்து, பள்ளிக்கூடச் சான்றிதழிலும் கல்லறைக் கல்லிலும் ஏறிவிட்டன. இங்கேயோ 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. மெல்ல மெல்ல அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் நம் பெயருக்கு முன்னால் நின்றது. கடலூர்ப் பக்கத்து அரசியலில் எஸ்.எஸ்.இராமசாமி படையாட்சியார் பெயர் இன்றும் பட்டத்தோடு நினைவில் இருக்கிறது. 1952 தேர்தலில் அவருடைய உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்றது. ஆனால் அவருக்குப் பிறகு வந்த தலைமுறை பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டது. பட்டம் ஒழிந்தது நல்லதே. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் வேர் தேடுகிறவர் கண்ணோடு பார்த்தால், எந்த வட்டாரத்திலிருந்து போனோம் என்ற சேதியை அந்தக் கடலோரம் ஒரு பெயருக்குள் பத்திரப்படுத்தி வைத்திருப்பது தெரிகிறது. படையாட்சியில் இருக்கும் ‘ட்’டை ‘ச்’ ஆக்கி எழுதினாலும் அதைச் சொல்லும் நாக்கு நடுநாட்டு நாக்குதான்.

எண்களில் ஒரு நயம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அதைத்தான் அவர் சாகும்வரை சுமந்தார். கூலிப் பதிவு, கல்யாணப் பதிவு, திரும்பிவரும் சீட்டு, எல்லாவற்றிலும் அந்த எண். ஒரு மனிதரை எண்ணாக்கிய கொடுமையை நான் மறைக்கவில்லை. ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, 1895 சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்து தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. அந்த வாழ்க்கைக்கு இந்த எண்தான் கதவு. ஆனாலும் அடுத்தடுத்த எண்களைப் பாருங்கள். முப்பது வயது ஆண், அடுத்த எண்ணில் இருபத்தைந்து வயதுப் பெண், அதற்கடுத்து ஆறு வயது, பிறகு இரண்டு வயது என்று வந்தால், ஒரு குடும்பம் கையைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை நிரப்ப ஏஜெண்டுகள் அலைந்தார்கள். அதனால் அக்கம்பக்கத்து எண்ணில் துணை இல்லாத பெண்களும் உண்டு. அவர்களுக்கும் தகப்பன் பெயர் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் சொல்லவும் சொல்லியிருக்கிறார்கள்.

ஊரில் தங்கியவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1880களில் நல்லூரிலிருந்து கப்பலேறிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலை பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்ட அவர் தம்பிக்கு எந்தத் தாளும் கிடையாது. நிலம் இருந்தால் பட்டாவில் பெயர் ஏறும். நிலமில்லாதவருக்கு எங்கே ஏறும்? மக்கள்தொகைக் கணக்கு தலையை எண்ணியது, பெயரைக் காப்பாற்றவில்லை. வயது, தழும்பு, தகப்பன் பெயர் எல்லாம் சேர்ந்து ஓர் ஏழை உழைப்பாளியின் உருவம் வேண்டுமென்றால், ஊரை விட்டுப் போனவர் வரியில்தான் அது கிடைக்கிறது. போனவருடைய கொள்ளுப்பேத்தி டர்பனில் இருந்துகொண்டு எள்ளுத்தாத்தா பெயர்வரை சொல்லிவிடுவாள். தங்கியவர் வழிவந்த நமக்குப் பாட்டனுக்கு அப்பால் பெயர் எட்டுவதில்லை.

உலகத்தில் வேறு இடங்களில் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து ஸ்காட்-ஐரிஷ் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கக் காலனிகளுக்குப் போயின. 1718லேயே பாஸ்டனுக்குக் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பென்சில்வேனியாவில் 1727 முதல் ஜெர்மானியக் குடியேறிகளின் பெயர்களை எழுதச் சொன்னார்கள், அவர்கள் அந்நியர்கள் என்பதால். அல்ஸ்டர்க்காரர்கள் பிரிட்டிஷ் மன்னரின் குடிகள், யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அதனால் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்று உயில், நிலப் பத்திரம், தேவாலய ஏடு, கல்லறைக் கல் என்று துண்டு துண்டாகச் சேர்க்கிறார்கள். ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாலோ, டப்ளின் ஆவணக் காப்பகம் 1922 உள்நாட்டுப் போரில் எரிந்து போயிருக்கிறது. நம்மவர்களும் ராணியின் குடிகள்தான். ஆனால் ஒப்பந்தத்தில் கட்டப்பட்டவர்கள், ஆகவே எண்ணி எழுதப்பட்டார்கள். உடைமைக் கணக்குதான் நம் குடும்ப வரலாற்றைக் காத்து வைத்தது. அதைப் படிக்கும்போது வலியும் நன்றியும் சேர்ந்தே வருகின்றன. அவற்றைப் பிரிக்க நான் முயலவில்லை.

இலங்கைக்குப் போனவர்களுக்கு இதுவும் இல்லை. கங்காணி கூட்டிக்கொண்டு போனார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் எழுத்தும் எண்ணும் மட்டும். எந்தத் தோட்டம் என்பது அதில் தெரியும், எந்த ஊர்ப் பிள்ளை என்பது தெரியாது. ஆனால் பிஜிக்கான சீட்டு நேட்டால் ஏட்டையும் விஞ்சியது. 1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்து பிஜி போனவர்களின் குடிபெயர்வுச் சீட்டில் உயரம் இருக்கிறது. நெருங்கிய உறவினர் பெயருக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. அங்கே ஒரு தம்பி பெயரோ அம்மா பெயரோ எழுதியிருந்தால், ஊரில் தங்கிவிட்ட அந்த ஓர் ஆளுக்கும் காகிதத்தில் இடம் கிடைத்துவிட்டது. இத்தனை கட்டங்களிலும் என் மனம் ஒட்டிக்கொள்வது அதில்தான். போகிற நேரத்தில் “உனக்கு யார் இருக்கிறார்கள்?” என்று ஒருவர் கேட்டு, பதிலை எழுதியும் வைத்திருக்கிறார்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு கட்டம் குலசாமி. அது எழுத்தில் போகவில்லை, ஆட்களோடு போயிற்று. திரௌபதி அம்மன் கூத்துக்கும் தீமிதிக்கும் தென்னார்க்காடு தாய்வீடு. நேட்டால் கரும்புத் தோட்டங்களிலும் அம்மனுக்குத் தீமிதித்தார்கள், தெருக்கூத்தும் கட்டினார்கள். சாதியைக் கேட்ட குமாஸ்தா சாமியைக் கேட்டிருந்தால் பாதித் தேடல் மிச்சமாகியிருக்கும்.

ஓசிஐ என்கிற வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டைக்காகக் காலனி எண்ணைத் தேடி எடுப்பவர்கள் தென்னாப்பிரிக்காவில் நிறைய. அவர்களில் சிலருக்கு அட்டையோடு ஆசை நிற்பதில்லை, ஊரையும் பார்க்கத் தோன்றுகிறது. அப்படி நல்லூர்ப் பக்கம் வருகிறவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இது. பட்டியல் நகலைக் கொண்டுவாருங்கள். அதோடு வீட்டில் எந்தச் சாமிக்குப் படையல் போட்டீர்கள், என்றைக்குப் போட்டீர்கள், கறி உண்டா இல்லையா என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இங்கே திண்ணையில் இருக்கும் ஆயா உங்கள் நகலை வாங்கிப் பார்க்க மாட்டார். “எந்த ஊட்டுப் புள்ள நீ, ஒங்க கொலசாமி எது?” என்றுதான் கேட்பார். கொளஞ்சியப்பர் என்று நீங்கள் சொன்னால் மணவாளநல்லூருக்கு வழி சொல்வார். அங்கே பிராது கட்டும் வழக்கம் உண்டு. பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சாமிக்கு முன்னால் கட்டிவிட்டு வரலாம். ஊர் என்ற இடத்தில் டர்பனையும் எழுதலாம், நல்லூரையும் எழுதலாம்.