தஹபியாவின் பாய்

நைல் நதியில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே பெரிய உல்லாசக் கப்பல்கள் வரிசைகட்டிப் போகின்றன. என் மனசு நிற்பது தஹபியா என்ற பாய்ப் படகில்தான். இரண்டு பாய்மரம், ஏழெட்டு அறைகள், மேலே ஒரு திறந்த தளம். அரபியில் 'தஹப்' என்றால் தங்கம். பெயர் அதிலிருந்து வந்தது.

நைல் வடக்கே ஓடுகிறது; காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. அதனால் வழியிலுள்ள எஸ்னா ஊரில் பாயை விரித்தால் போதும், படகு ஆற்றை எதிர்த்துத் தெற்கே ஏறும். பழைய எகிப்தியரின் சித்திர எழுத்திலேயே இது இருக்கிறது: தெற்கே போவதற்குப் பாய் விரித்த படகு, வடக்கே போவதற்குப் பாய் இல்லாத படகு. என்ன அழகான எழுத்து! காற்று படுத்துவிட்டால் இழுவைப் படகு ஒன்று கயிறு கட்டி இழுக்கும்.

பாய் விரிக்கும்போது மேல்தளத்தில் இருக்க வேண்டும். மாலுமி வெறுங்காலோடு சாய்ந்த மரத்தில் ஏறி முடிச்சுகளை அவிழ்க்கிறார். கோடு போட்ட துணி படபடவென்று அடித்து, சட்டென்று வயிறு உப்பி அடங்குகிறது. பிறகு பலகையை உரசும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

பெரிய கப்பல்கள் நிற்காமல் கடக்கும் கெபல் எல் சில்சிலாவில் தஹபியா கரை ஒதுங்கும். கர்னாக், எட்ஃபு கோயில்களுக்கு மணற்கல் கொடுத்த குவாரி அது. உளித் தடத்தில் விரல் வைத்து வழிகாட்டி மெதுவாகத்தான் பேசுகிறார். படகில் வந்தவர்கள் பதினைந்து பேர்தானே, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிறது.