குரலும் உடலும்: ஷோபனாவின் மலையாளப் படங்கள் (1990–1994)

தென்னிந்தியத் திரைப்படங்களில் உடல் ஒருவருடையதாகவும் குரல் மற்றொருவருடையதாகவும் அமைவது நெடுங்கால வழக்கமாகும். பாடல்களைப் பொறுத்தவரை இதனை எவரும் குறையாகக் கருதுவதில்லை. பின்னணிப் பாடகர் தமக்கெனத் தனிப்புகழ் உடையவர். உரையாடலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. குரல் கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் அறியப்படுவதில்லை. அறியப்படும்போதோ நடித்தவரின் தகுதி ஐயத்திற்கு உள்ளாகின்றது. ‘இரவற் குரலில் பேசியவர் எவ்வாறு சிறந்த நடிகையாவார்?’ என்னும் வினா எழுகின்றது. மொழியியல் நோக்கில் இவ்வினாவை எதிர்கொள்வதற்கு ஷோபனா 1990 முதல் 1994 வரை நடித்த மலையாளப் படங்களுள் மூன்று பெரிதும் துணைபுரிகின்றன. அவை ‘இன்னலெ’ (1990), ‘மணிச்சித்ரதாழு’ (1993), ‘தேன்மாவின் கொம்பத்து’ (1994) என்பன. மொழியில் ஈடுபாடுடைய தமிழ் வாசகர் இம்மூன்றையும் தேடிப் பார்த்தல் தகும்.

தமிழ்ப் பார்வையாளர் பலருக்கு ஷோபனா ‘இது நம்ம ஆளு’ (1988), ‘தளபதி’ (1991) ஆகியவற்றின் வழியாகவே அறிமுகமானவர். ‘தளபதி’யில் சுப்புலட்சுமி என்னும் பாத்திரத்தை அவர் அடக்கத்துடன் செய்திருக்கின்றார். எனினும் அப்படத்தின் கதை இரு ஆடவரின் நட்பைச் சுற்றியே இயங்குவதால் அவருக்குக் கிடைத்த இடம் சிறிது. மலையாளத்திலும் கிடைத்த பாத்திரங்கள் யாவும் ஒரு தரத்தன அல்ல. ‘மணிச்சித்ரதாழு’வை இயக்கிய பாசிலே அதற்கு முந்தைய ஆண்டில் எடுத்த ‘பப்பயுடெ ஸ்வந்தம் அப்பூ’ஸில் அவர் இறந்துபோன மனைவியாக நினைவுக்காட்சிகளில் மட்டுமே வருகின்றார். திருவிதாங்கூர் சகோதரிகள் எனப்பட்ட லலிதா, பத்மினி, ராகினி ஆகியோரின் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் பரதநாட்டியம் பயின்ற ஒருவரிடம் இருந்த ஆற்றலை முழுதும் வேண்டிநின்ற பாத்திரங்கள் மிகச் சிலவே.

அவற்றுள் முதலாவது பத்மராஜனின் ‘இன்னலெ’. வாசந்தியின் தமிழ் நாவல் ஒன்றைத் தழுவியது இப்படம் என்பது தமிழ் வாசகர்க்குக் கூடுதல் ஈர்ப்பாகலாம். பேருந்து விபத்தில் நினைவிழந்த இளம்பெண் ஒருத்தி தன் பெயரையும் ஊரையும் மணவாழ்க்கையையும் மறந்துவிடுகின்றாள். புதியதொரு பெயரும் புதியதொரு காதலும் அவளுக்கு வாய்க்கின்றன. பின்னர் அவளைத் தேடிவரும் கணவனை அவள் அடையாளம் காணவில்லை. அவனும் உண்மையை வெளியிடாது திரும்பிச் செல்கின்றான்.

இவ்விடத்து ஒரு செய்தி நோக்கத்தக்கது. அவள் இழந்தது வாழ்க்கை பற்றிய நினைவை, மொழியை அன்று. வாக்கியங்கள் பிழையின்றி வருகின்றன. மரியாதைச் சொற்கள் இடமறிந்து வருகின்றன. நினைவிழப்பும் பேச்சிழப்பும் வெவ்வேறு என்பது மருத்துவம் அறிந்த உண்மை. நடிகைக்கோ இது பெருஞ்சிக்கல். இழப்பைக் காட்டத் திக்கலும் திணறலும் உதவா. பேச்சு முழுமையாக இருக்க, பேசுபவள் மட்டும் இல்லாதிருக்க வேண்டும். ஷோபனா இதனைப் பார்வையினால் செய்கின்றார். எதிரே இருப்பவர் பேசி முடித்தபின் விடை கூறுவதற்கு முன்னர் ஒரு சிறு இடைவெளி விடுகின்றார். தன்னிடம்தான் பேசப்பட்டதா என உறுதி செய்துகொள்பவரின் இடைவெளி அது. இறுதிக் காட்சியில் கணவனை விருந்தினனாக வரவேற்கும்போது அவ்விடைவெளி மறைந்துவிடுகின்றது. புதிய பெயருக்கு அவள் பழகிவிட்டாள் என்பதனை வேறு எவ்வகையாலும் இத்துணைத் தெளிவாக உணர்த்தியிருத்தல் இயலாது.

1993ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் வெளிவந்த ‘மணிச்சித்ரதாழு’ இவற்றுள் தலையாயது. மது முட்டம் எழுதிய கதை. கல்கத்தாவிலிருந்து கணவன் நகுலனின் பழைய தறவாட்டுக்கு வரும் கங்கை, பூட்டிக் கிடந்த தெற்கு அறையைத் திறக்கின்றாள். முற்காலத்தில் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு அவ்வீட்டில் கொல்லப்பட்ட நாகவல்லி என்னும் ஆடல்மகளின் வரலாறு அவளை ஆட்கொள்கின்றது. பேய்க்கதையாகத் தொடங்கி உளநோய்க் கதையாக விரியும் இப்படத்தில் நடிப்பிற்காக ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். அரண்மனைக் காட்சிகளுள் சில பத்மநாபபுரத்தில் எடுக்கப்பட்டவை. 1956 முதல் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரள அரசின் பொறுப்பில் உள்ள அவ்வரண்மனை, இரு மொழிகளுக்கும் இடையே ஊசலாடும் இக்கதைக்குத் தற்செயலாக வாய்த்த பொருத்தமான இடம் எனலாம்.

நோய் வெளிப்படும் கட்டம் மொழியினாலேயே கட்டப்பட்டுள்ளது. நகை வாங்க அல்லியுடன் வெளியே செல்ல விரும்பும் கங்கையை நகுலன் தடுக்கின்றான். ஏன் போகக்கூடாது என்று அவள் மலையாளத்தில் கேட்கத் தொடங்குகின்றாள். முகம் மாறுகின்றது. அடுத்து வெளிப்படுவது தமிழ். ‘விடமாட்டே’ என்னும் ஒரு சொல்லில் கங்கை மறைந்து நாகவல்லி தோன்றுகின்றாள். பின்னர் அவள் கட்டிலைத் தூக்குவதையே பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆயினும் அச்சம் கட்டிலினால் விளைந்ததன்று; அதற்கு முன்னரே அவ்வினைச்சொல்லில் விளைந்துவிட்டது.

இதன் காரணத்தை இலக்கண நோக்கில் விளக்கலாம். மலையாள வினைமுற்று இடத்தையும் எண்ணையும் பாலையும் காட்டுவதில்லை. ‘ஞான் போகும்’, ‘நீ போகும்’, ‘அவள் போகும்’ என எல்லாவற்றிற்கும் வடிவம் ஒன்றே. எதிர்மறையிலும் ‘விடில்ல’ என்பது மூவிடத்திற்கும் பொது. பழைய மலையாளத்தில் காணப்பட்ட விகுதிகள் பின்னர் மறைந்தன. ஏ. ஆர். ராஜராஜவர்மா தம் ‘கேரள பாணினீய’த்தில் தமிழினின்று மலையாளம் வேறுபடும் நெறிகள் ஆறனுள் ஒன்றாக இதனைப் ‘புருஷபேத நிராசம்’ என்று குறிப்பிட்டார். தமிழிலோ விகுதி இன்றியமையாதது. ‘விடமாட்டாய்’ என்பதன் பேச்சு வடிவமான ‘விடமாட்டே’யில் ‘நீ’ என்னும் சொல் இல்லாமலே எதிரில் நிற்பவன் சுட்டப்பட்டுவிடுகின்றான். கங்கையின் மொழி அவனைச் சுட்டாது பேசிய வினையில் நாகவல்லியின் மொழி விரல் நீட்டுகின்றது. கணவனாக இருந்தவன் அவ்விகுதியால் கொலைகாரக் காரணவனின் இடத்தில் நிறுத்தப்படுகின்றான்.

மலையாளப் பார்வையாளருக்கு இத்தமிழ் முற்றிலும் அயன்மொழியன்று. பெரும்பகுதி புரியும், ஆயினும் தம்முடையதன்று. தம் மொழி கைவிட்ட வடிவங்களை அது இன்னும் வைத்திருக்கின்றது. ஆதலின் பழமையின் குரலாக அது ஒலிப்பதற்கு இடமுண்டு. (தமிழ் பழையது, மலையாளம் புதியது என்னும் எளிய முடிவை இதனின்று பெறுதல் கூடாது. இரண்டும் ஒரு பொதுநிலையினின்று பிரிந்தவை. மலையாளம் பேணித் தமிழ் இழந்த கூறுகளும் உண்டு.) நாகவல்லி பேசும் தமிழோ தஞ்சை வட்டாரத்துப் பேச்சன்று. பேச்சு வடிவ எதிர்மறைகளோடு நாடக மேடைக்குரிய சொற்களும் கலந்த செயற்கைத் தமிழ் அது. தமிழ் வாசகர் சிலருக்கு இது உறுத்தலாம். ஆயினும் கங்கை தமிழச்சி அல்லள். நாகவல்லியைக் கதையாகக் கேட்டு மனத்தில் புனைந்துகொண்டவள். அவள் புனைந்த தமிழ் இவ்வாறு இருப்பதே இயல்பு.

இனிக் குரல் பற்றிய வினாவுக்கு வரலாம். இப்படத்தில் ஷோபனாவின் குரல் ஒலிக்கவில்லை. கங்கைக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் குரலும் அவருடையதே என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கருதப்பட்டுவந்தது. அத்தமிழ்ப் பகுதிக்குக் குரல் கொடுத்தவர் தமிழ்ப் படவுலகைச் சேர்ந்த துர்கா என்பதைப் பாசில் 2016ஆம் ஆண்டில் தெரிவித்தார். ஓர் உடலில் இரு பெண்கள் வாழும் கதை, ஓர் உடலுக்கு இரு பெண்கள் குரல் கொடுத்ததனால் நிறைவேறியது என்பது பின்னர்த்தான் தெளிவாயிற்று. துர்காவுக்கு நேர்ந்தது அநீதி என்பதில் ஐயமில்லை. இத்துணைப் புகழ்பெற்ற குரலுக்கு உரியவர் இருபத்திரண்டு ஆண்டுகள் பெயரின்றி இருந்தமை, குரற்கலைஞரை இத்துறை எவ்வாறு நடத்திவந்துள்ளது என்பதற்குச் சான்று.

ஆயின் அதனால் ஷோபனாவின் பங்கு சுருங்குமா? பின்னணிக் குரற்பதிவு நடைபெறும் முறையை எண்ணினால் விடை கிடைக்கும். படப்பிடிப்பில் முதலில் அசைவது நடிகையின் வாய். குரற்கலைஞர் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் படத்துண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்து அவ்வாயசைவுக்குத் தம் குரலைப் பொருத்துகின்றார். மகரம் வரும்போது இதழ்கள் மூடியிருத்தல் வேண்டும். வகரத்தில் கீழிதழ் மேற்பல்லைத் தொடுதல் வேண்டும். இவ்வசைவுகள் திரையில் கண்ணுக்குத் தெரிவன. பின்னால் திருத்த இயலாதன. சொல்லின் விரைவு, மூச்சு வாங்கும் இடம், அழுத்தம் விழும் அசை ஆகிய அனைத்தையும் முதலில் முடிவு செய்தவர் ஷோபனா. தமிழ் உச்சரிப்பு அவர் வாயில் முன்னரே உருப்பெற்றிராவிடின் துர்காவின் குரல் அமர்வதற்கு இடமிருந்திராது. மேலும், கங்கையின் முகத்தில் பேசும்போது இமைகள் அடிக்கடி அசைகின்றன. நாகவல்லியிடத்து அவை ஏறத்தாழ அசைவதே இல்லை. கழுத்தின் நிலையும் மாறுகின்றது. ஆடற்பயிற்சி தந்த இக்கட்டுப்பாடு மொழித் தாவலுக்கு ஒரு கணம் முன்னரே தொடங்கிவிடுகின்றது. காது தமிழைக் கேட்கும் முன் கண் அதனைக் கண்டுவிடுகின்றது.

இப்படத்தின் மறுவாக்கங்கள் இக்கருத்தை வேறொரு வகையில் உறுதிப்படுத்துகின்றன. கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் (2004) தமிழ்ச் ‘சந்திரமுகி’யிலும் (2005) ஆடல்மகளின் மொழி தெலுங்கு. இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளம். கதையை எடுத்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அண்டைமொழி தேவைப்பட்டிருக்கின்றது. ஆனால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வினைமுற்று இடத்தைக் காட்டுவதால் அங்கு வேறுபாடு சொற்களிலும் ஒலியிலுமே நின்றுவிடுகின்றது. இந்தியிலிருந்து வங்காளத்திற்குத் தாவும்போது நேர்வது சுவையானது: பால் காட்டும் இந்தி வினையிலிருந்து பால் காட்டாத வங்காள வினைக்கு அவள் செல்கின்றாள், பேய் பிடித்த பெண் வினையில் தன் பெண்மை விகுதியை இழக்கின்றாள். ஜோதிகாவும் வித்யா பாலனும் தம் அளவில் நன்றாகவே செய்துள்ளனர். சௌந்தர்யாவின் நடிப்பு அவர் மறைந்தபின் திரைக்கு வந்தமையால் அதனைக் காண்பது வேறொரு துயரம். மூவரிடத்தும் குறையெனக் கூறத்தக்கது ஒன்றுண்டு. மாற்றத்தை அவர்கள் பெரிதாக்கிக் காட்டுகின்றனர். ஷோபனா அதனைச் சிறிதாக்கிக் காட்டுகின்றார்.

அச்சத்திற்குப் பயன்பட்ட அதே அமைப்பு நகைச்சுவைக்கும் பயன்படும் என்பதைப் பிரியதர்சனின் ‘தேன்மாவின் கொம்பத்து’ காட்டுகின்றது. படம் முழுவதும் ஒரே தரத்ததன்று. சண்டைக் காட்சிகளை விட்டுவிட்டாலும் இழப்பில்லை. வழிதவறிக் கன்னடம் வழங்கும் ஊருக்குச் சென்றுவிட்ட மாணிக்கனுக்கு அம்மொழி தெரியாது. நாடகக் கூட்டத்துப் பெண்ணான கார்த்தும்பிக்குத் தெரியும். அவள் சொல்லும் ஒரு சொல்லின் பொருளறியாது அவன் அதனைத் தேடித் திரிவதே நகைச்சுவையின் உயிர். முத்தம் என்பதே அதன் பொருள். மலையாளியின் வீட்டுவழக்கில் அதற்கு ‘உம்ம’ என்பதே பெரிதும் வழங்குவதால் அச்சொல் பார்வையாளர்க்கும் சற்று நேரம் மறைபொருளாகவே நிற்கும். கன்னட ‘முத்து’, ‘முத்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இனமானது. தமிழ்ச் செவி அதனை உடனே பிடித்துவிடும். இப்படம் தமிழில் ‘முத்து’ (1995) ஆனபோது கன்னட ஊர் மலையாள ஊராக மாற்றப்பட்டது. அதற்கு இதுவே காரணம் எனத் துணிதல் மிகை. ஆயினும் மாற்றாதிருந்தால் நகைச்சுவை பாதியாகக் குறைந்திருக்கும். இங்கு ஷோபனா மொழி தெரிந்தவளின் ஆணவத்தை உதட்டோரத்திலேயே வைத்துக்கொள்கின்றார். அறியாதவன்மீது இரக்கம் தோன்றும் வரை அதனை விடுவதில்லை. நாகவல்லிக்கு அடுத்த ஆண்டே இப்பாத்திரம் வந்தது என்பது அவருடைய வீச்சினை உணர்த்தும்.

‘மணிச்சித்ரதாழு’ 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்ட வடிவில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. முதன்முறை காண்போர் கதையின் போக்கில் ஈர்க்கப்படுவது இயல்பு. இரண்டாம் முறை காணும் வாய்ப்புடையோர் கட்டிற் காட்சியை ஒலியின்றி ஒருமுறையும், பின்னர்ப் படத்தைப் பாராது ஒலியை மட்டும் ஒருமுறையும் கேட்டுப் பார்க்கலாம். ஒலியின்றிக் காண்பவர் மொழி மாறிய இடத்தைச் சரியாகச் சுட்டிவிடுவர். ஒலியை மட்டும் கேட்பவர் அவ்விடத்தில் பாக்யலட்சுமி விலகித் துர்கா வந்ததை இப்போது அறிந்துகொள்வர்.