குடுமி வைத்த போர்வை

கத்தரித்தது போக மிஞ்சுவதை வெட்டுத்துணி என்று மூட்டை கட்டி மூலையில் போட்டுவிடுகிறோம். அமெரிக்காவின் மினசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில், லூத்தரன் தேவாலயங்களின் கீழ்த்தளக் கூடங்களில், அந்த மூட்டையிலிருந்துதான் போர்வை பிறக்கிறது.

பூப்போட்ட திரைச்சீலை, கட்டம்போட்ட சட்டை, யாரோ தைக்காமலே விட்டுவைத்த பாவாடைத் துணி எல்லாம் சதுரங்களாகி, ஒன்றோடொன்று சேர்ந்து மேல்விரிப்பாகின்றன. நடுவில் பஞ்சு அடுக்கோ பழைய கம்பளியோ. அடியில் ஒரு படுக்கை விரிப்பு. அளவு 60 அங்குலத்துக்கு 80. மூன்று அடுக்கும் நழுவாமலிருக்க முழுக்க நெருக்கித் தையலோட்டினால் நாள்கணக்கில் இழுக்கும். அதனால் சாணுக்கும் குறைவான இடைவெளியில் தடித்த நூலைக் குத்தியெடுத்து முடிச்சிடுகிறார்கள். நறுக்கிய நுனிகள் குட்டிக் குடுமிகளாக நிற்கும். எனக்குப் பிடித்தவை அந்தக் குடுமிகள்தாம். அலங்காரத்துக்கென்று வைத்தவையல்ல, அவசரம் தந்த அழகு.

1945-இல் தொடங்கிய லூத்தரன் உலக நிவாரண அமைப்பு இத்தகைய போர்வைகளைப் பல நாட்டு அகதிகளுக்கு அனுப்புகிறது. போன இடத்தில் அவை தரைவிரிப்பாகும், கூடாரத்துத் தடுப்பாகும், வெயில் மறைப்பாகும். சில போர்வைகள் உள்ளூரிலேயே, புதிதாகக் குடியேறும் குடும்பங்களின் கட்டிலுக்குப் போகும்.

ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. பலர் படுத்திருக்கும் கூடத்திலும் ஒரு குழந்தை தன் போர்வையைத் தானே கண்டுபிடித்துவிடும்.