ஹோரியின் மரியாதை

பிரேம்சந்தின் ‘கோதானம்’ 1936 இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் லக்னோவில் கூடிய முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய அவர், ஒக்டோபரில் மறைந்தார். அவர் முழுமையாக எழுதி முடித்த இறுதி நாவல் இதுவே. நாவலின் நாயகனான ஹோரியைப் பொறுமையின் திருவுருவமாகப் போற்றுவோர் உளர். நிலப்பிரபுவுக்குப் பலியான ஏழையென ஒரே வரியிற் கூறி முடிப்போரும் உளர். இவ்விரு நோக்கும் அப்பாத்திரத்தின் உயிர்நாடியைத் தொடவில்லை என்பதே எமது கருத்து.

ஹோரி, அவத் பிரதேசத்துப் பெலாரிக் கிராமத்தின் சிறு குடியானவன். வாசலில் ஒரு பசு நிற்கவேண்டுமென்பது அவனது வாழ்நாள் ஆசை. கடனாகப் பெற்ற பசுவைத் தம்பி ஹீராவே நஞ்சூட்டிக் கொல்கிறான். தம்பியின் வீட்டைப் பொலிசார் சோதனையிட முனைகையில், குடும்ப மானத்துக்கு அஞ்சிய ஹோரி கடன்பட்டு லஞ்சம் கொடுக்கத் துணிகிறான். பின்னர், மகன் கோபரால் கருவுற்ற விதவை ஜுனியாவுக்குப் புகலிடம் அளித்தமைக்காகப் பஞ்சாயத்து 100 ரூபாவும் 30 மணங்கு தானியமும் தண்டம் விதிக்கிறது. எவரும் அவனை அடித்துப் பறிக்கவில்லை. தானியத்தைத் தன் தலையிலேயே சுமந்து சென்று ஒப்படைக்கிறான். பணத்துக்காக வீட்டை அடகு வைக்கிறான்.

இங்கேதான் பிரேம்சந்தின் யதார்த்த நோக்குத் துலங்குகிறது. ஹோரி பேணிக்காக்கும் குல மரியாதை, அவனைச் சுரண்டுவோருக்குச் சம்பளமில்லாக் காவற்காரனாகப் பணிபுரிகிறது. புரோகிதர் தாதாதீனைப் பாருங்கள்: மந்திரம் ஓதுபவரும் அவரே, வட்டி கணக்கிடுபவரும் அவரே. அவர் மகன் மாதாதீன் சமார் குலத்துச் சிலியாவை வைத்து வாழ்ந்தும் பஞ்சாயத்து வாய் திறக்கவில்லை.

இப்பொய்மையை முதலில் இனங்கண்டவள் ஹோரியின் மனைவி தனியா. லஞ்சப் பணத்தைத் தட்டிச் சிதறடித்தவளும், பஞ்சாயத்தாரை எதிர்த்து நியாயம் கேட்டவளும் அவளே. ஆயினும் அவளுடன் சேர்ந்து குரல்கொடுக்க ஊரில் எவருமில்லை.

நகரப் பகுதிகளில் மேதாவும் மாலதியும் நிகழ்த்தும் நெடிய உரையாடல்கள் கிராமப் பகுதியின் செறிவை எட்டவில்லை என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் கன்னாவின் சர்க்கரை ஆலை இரு உலகங்களையும் இணைக்கிறது. ஹோரி கரும்பு விற்ற பணம் ஆலையடியிலேயே கடன்காரர் கைக்குப் போய்விடுகிறது.

இறுதியில், கொடும் வெயிலில் கூலிக்குக் கல் தோண்டிய ஹோரி சாய்கிறான். கயிறு திரித்து விற்ற 20 அணாவைக் கோதானமென்று தாதாதீன் முன் வைத்துவிட்டுத் தனியா மயங்கி வீழ்கிறாள். தன் வாசலிற் பசுவை நிறுத்த முடியாதவனிடம் சாவின்போதும் பசுதானம் கேட்கிறது சமூகம். அதைப் பெறுபவரும் அதே வட்டிக்காரர்.

ஹோரியைப் பிரேம்சந்த் ஆழ்ந்து நேசித்தார்; ஆனால் அவனைக் கட்டிய நம்பிக்கைகளுக்கு அவர் மன்னிப்பு வழங்கவில்லை. ஹோரியின் பொறுமையை நற்பண்பென வகுப்பறையிற் போதிக்கும் ஆசிரியர், தாம் அறியாமலே பஞ்சாயத்தாரின் பக்கத்தில் அமர்ந்துவிடுகிறார். தனியா எழுப்பிய கேள்விகளை மாணவர் முன் வைப்பதே இந்நாவலுக்கு நாம் செய்யும் நியாயமாகும்.